நடந்து கடந்த மணல்

வடக்குப்பட்டிலிருந்து வல்லக்கோட்டைக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தார்ச்சாலை, கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மற்றது ஏரிக்கரையில் ஏறி, பனைகளுக்கு இடையே இறங்கி, மனை பிரித்துக் கல் நட்டு விற்காமல் போட்டிருந்த பொட்டலைத் தாண்டி, ஓர் ஓடையில் இறங்கி மறுகரை ஏறும் மண்பாதை. இந்த இரண்டாவது வழி இப்போது இல்லை. அது இருந்தபோது, தொடக்கம் முதல் முடிவு வரை நானே வண்டியோட்டி அதைக் கடந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஓடையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடந்தேன்.

நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வு வேலை. ஹாஸ்டலில் தங்கியிருந்து, பிறகு இந்த ஊர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு வடக்குப்பட்டுக்கே வந்துவிட்டேன். அவருக்கு வேறொரு கம்பெனியில் வேலை, வாராவாரம் மாறும் வேறொரு ஷிப்ட். மாதாமாதம் கிருத்திகையன்று, காலைப் பொழுது இருவருக்கும் ஓய்வாக அமைந்தால், வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போவோம்.

மண்பாதையில் முதன்முதலாகப் போனது எந்த மாதம் என்பதில் எங்கள் வீட்டில் தீராத வழக்கு உண்டு. அவர் மாசி என்பார். பங்குனிதான். கோயில் வாசலில் உத்திரத்துக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். மாசியில் அதற்கு வேலையில்லை. அதற்குச் சில நாள் முன்பு தார்ச்சாலையில் நான் ஓட்டிய ஸ்கூட்டரை ஒரு லாரி உரசினாற்போலப் போயிருந்தது. விழவில்லை, ஆனால் அதன்பின் அந்தச் சாலையில் ஓட்ட மறுத்துவிட்டேன். "பேஜாரே வாணாம், பின்னாடியே பூடலாம்" என்று தன் பழைய பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு அவர் ஏரிக்கரையில் ஏறினார். கரைமேல் காற்று, இருபுறமும் வேலிக்காத்தான், எதிரே ஒரு வண்டிகூட இல்லை. கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இதை நான் ஓட்டவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிப் போகவிருந்த சக ஊழியர் ஒருவரிடமிருந்து, மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த உயரமான பைக் ஒன்று எனக்குக் கிடைத்தது. உட்கார்ந்தால் ஒரு கால் விரல்நுனி மட்டுமே தரையில் படும். இதற்கு ஆஃப்-ரோடு என்று பெயர், இது ஒரு விளையாட்டு, உலகமெங்கும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"ரோடே இல்லாத வழிக்கு இங்கிலீஷ்ல பேரு வேறயா?" என்றார். "எங்கண்ணன் இதுல மொபெட்டுல புல்லுக்கட்டு ஏத்திகினு போவாரு. அவுருக்கு இன்னா பேரு?"

கோடையில் வறண்ட ஏரிதான் என் பள்ளிக்கூடம். தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். நடுவே மாட்டுக் குளம்புகள் பதிந்து இறுகிய குழிகள். கிடைத்ததையெல்லாம் படித்தேன். சரித்திரமும் பயணக் கட்டுரையும் படித்துப் பழகிய நான், சக்கரம் ஏன் புதைகிறது, உடலின் எடை எங்கே இருக்கவேண்டும் என்றெல்லாம் படிக்கத் தொடங்கினேன். இருக்கையில் உட்காராமல் கால்மிதியில் எழுந்து நிற்க வேண்டும், முழங்கால்கள் தளர்ந்திருக்க வேண்டும், கண் முன்சக்கரத்தில் இல்லாமல் தொலைவில் இருக்க வேண்டும், முன் பிரேக்கைப் பிடித்து இறுக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் படித்து முடித்த பிறகு விழுந்து கற்றேன்.

"இன்னாத்துக்கு நின்னுகினே போற? பஸ்ஸுல சீட்டு கெடைக்கலியா?" என்று கரையிலிருந்து கத்துவார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. நின்னாத்தான் வண்டி அதுபாட்டுக்குக் குதிக்கும், நம்ம குதிக்காண்டாம்."

"அப்ப போன வாரம் குதிச்சது யாரு?"

அந்த வார விழுதலில் எலும்பு எதுவும் முறியவில்லை. கெண்டைக்காலில் ஒரு கருநீலக் கன்றல் மட்டும். ஆனால் கோடை முடிவதற்குள் ஏரிக்கரையின் சரிவில் ஏறி இறங்கினேன். பனைகளின் வேர்மேட்டைத் தாண்டினேன். பொட்டலில் புல்லுக்குள் ஒளிந்திருந்த மனைக் கற்களைச் சுற்றி வளைந்து போகப் பழகினேன். அந்தச் சந்தோஷத்தை இன்னும் என்னால் சரியாக எழுத முடியவில்லை.

மிஞ்சியது ஓடை. மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் தண்ணீர் இருக்காது. மாவு போன்ற மணல்தான். அகலம் அதிகமில்லை. ஒருவர் மறுகரையிலிருந்து பேசினால் குரல் உயர்த்தாமல் கேட்கும். முதல்முறை இறங்கியபோது முன்சக்கரம் பாம்புபோல் நெளிந்தது. நெளியட்டும் என்று விட்டு, வேகம் கூட்டும் த்ராட்டிலைக் குறைக்காமல் போகவேண்டும் என்று படித்திருந்தேன். படித்த அந்தக் கையே பயத்தில் த்ராட்டிலை மூடியது. வண்டி மூக்கு குத்தி நின்று என்மேல் சாய்ந்தது. சூடான சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. அவர் தன் பைக்கில் கால்களை இருபுறமும் தேய்த்தபடி எப்படியோ ஓடையைக் கடப்பார். வண்டியை நிறுத்திவிட்டு நடந்து திரும்புவார். என் வண்டியை வாங்கி ஓட்டிப் போவார். நான் பின்னால் நடப்பேன். அங்கே ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் தவறாமல் இருப்பார்.

"இன்னா பாப்பா, வூட்டுக்காரருக்கு ரெண்டு வண்டி, உனுக்கு ஒன்னு கூடவா இல்ல?"

"அடுத்த தடவ பாருங்க, நானே ஓட்டிட்டு வாரேன்."

"ஆமா, நானும் இந்த ஆடு அடுத்த தடவ பேசும்னு பாத்துகினு கீறேன்."

என் கணவரின் கேலி வேறு மாதிரி. எங்கள் ஊரைச் சுற்றிச் செம்மணல் தேரிக்காடுதான். "தேரிக்காட்டுல பொறந்துட்டு இத்தினிக்கூண்டு மணலுக்கு பயப்படுறியே, உங்க ஊர்ல தெரிஞ்சா பொண்ணு குடுத்தத வாபஸ் வாங்கிப்பாங்க" என்பார். தேரியில் நாங்கள் நடந்தோம், ஓட்டவில்லை என்று பதில் சொல்வேன்.

இரண்டு பேர் ஷிப்டும் கிருத்திகையும் ஒன்றுசேர்வது அபூர்வம். சேர்ந்த நாட்களிலும் ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மண்பாதை வேண்டாம், பஸ்தான். ஏரிக்கரைக் களிமண் ஈரமானால் சோப்புக்கட்டி போல வழுக்கும், அது உண்மை. ஆகவே நன்றாகக் காய்ந்த நாட்களையே தேர்ந்தெடுத்தேன். நிறையப் படிப்பவர்களுக்கு வரும் நோய் இது. எல்லாம் சரியாக அமைந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஆடி பிறந்தபோது பொட்டலில் புதிய கற்கள் முளைத்தன. சிவப்பு பெயின்ட் அடித்த சர்வே கற்கள். "தீபாவளிக்குள்ள வேலி போட்டுடுவானுங்க. ஓடையெல்லாம் மூடி, குழா வச்சி வுடுவானுங்களாம்" என்றார் என் கணவரின் அண்ணன். ஏதோ தொழிற்பூங்கா. அவருடைய மகனுக்கே அதில் வேலை கிடைக்கலாம் என்பதால் அவருக்கு அதில் வருத்தமில்லை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன்.

ஆவணிக் கிருத்திகைக்கு இருவருக்கும் இரண்டாவது ஷிப்ட்; காலை முழுக்க எங்களுடையது. விடியற்காலை எதிர்பாராமல் ஒரு சின்ன மழை. வழக்கப்படி பஸ் என்றேன். வெயில் சுள்ளென்று அடித்து, புறப்படும் நேரத்துக்குள் ஏரிக்கரை உலர்ந்துவிட்டதால் மனம் மாறினேன். அன்று நன்றாக ஓட்டினேன். கரைச் சரிவில் ஒருமுறைகூடக் கால் ஊன்றவில்லை. ஓடைக்கு வந்ததும் அவர் கடந்தார், நிறுத்தினார், திரும்பி நடந்து வந்தார். அவர் வருவதற்கு முன்பே நான் இறங்கி நின்றிருந்தேன். யோசித்து இறங்கவில்லை, கால் தானாக இறங்கியது.

அவர் வண்டியை எடுத்துப் போனார். நான் பின்னால் நடந்தேன். பாதி ஓடையில்தான் கவனித்தேன், என் செருப்பு புதையவில்லை. வழக்கமாகக் கணுக்கால் வரை விழுங்கும் மணல், மழையில் நனைந்து, தட்டிய தரைபோல இறுகியிருந்தது. என் வண்டியின் தடம் மெல்லிய கோடாக நேரே போயிற்று. எங்கும் நெளிவு இல்லை.

"இங்கன பாருங்க, மணலு எப்படிக் கெட்டியா கெடக்குன்னு!"

அவர் திரும்பிப் பார்த்தார். "அட, ஆமா. எனுக்கு எப்பவும் ஒன்னாத்தான் கீது, அதான் கவனிக்கல." கொஞ்சம் நின்று கேட்டார்: "திரும்ப அந்தாண்ட எடுத்துகினு போயி குடுக்கட்டா? நீ ஓட்டிகினு வா, நான் முன்னாடியே நடந்து வந்து இங்க குந்திகினு இருக்கேன்."

வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். உச்சிகாலம் முடிந்து நடை சாத்திவிடுவார்கள், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், திரும்பும்போது வெயிலில் மணல் உலர்ந்தும்விடும். "விடுங்க, மழை பெஞ்ச மறுநாள் வரணும்னு இப்பத் தெரிஞ்சிபோச்சுல்லா. அடுத்த கிருத்திகைக்குப் பாத்துக்கிடலாம்" என்றேன். ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதியோடுதான் அதைச் சொன்னேன்.

புரட்டாசிக் கிருத்திகைக்கு மழை பெய்தது. எனக்கு முதல் ஷிப்ட். லைனில் ஆடிட், லீவு கிடையாது. இடையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓ.டி., அவர் மட்டும் வீட்டில். "நீ இல்லாம நான் போயி இன்னா பண்றது" என்று அவரும் போகவில்லை.

ஐப்பசியில் போனோம். பொட்டலின் தொடக்கத்திலேயே தகர வேலி. கதவருகே நாற்காலி போட்டு ஒரு செக்யூரிட்டிப் பையன், பேச்சில் மதுரைப் பக்கம்.

"இந்தப் பக்கம் வழி கிடையாதுக்கா. சுத்தித்தான் போகணும்."

"ஓடை வரைக்கும் போயிட்டு வந்திருதோம் தம்பி. அதுக்கு மேல போகல."

"எந்த ஓடைக்கா?" என்று திரும்பிப் பார்த்தான். "நான் வந்து பத்து நாளாச்சு. உள்ள எல்லாம் ஒரே மட்டமாத்தான் இருக்கு."

வேலியின் இடுக்கு வழியே பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். கிராவல் கொட்டிச் சமன் செய்த தரை, ஓரத்தில் சிமென்ட் குழாய்கள். ஓடை எங்கே இருந்தது என்று சுட்டிக்காட்டக்கூட ஓர் அடையாளம் இல்லை.

பின்னர் ஊருக்குப் போனபோது தேரி மணலில் தம்பியின் பைக்கை ஓட்டிப் பார்த்தேன். விழவில்லை. பெரிய சந்தோஷமும் இல்லை. அது எனக்குப் பாக்கி இருந்த மணல் அல்ல.

சென்ற தையில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பழைய பாதையைப் பற்றிப் பேச்சு வந்தது. என் கணவர் பெருமையாகச் சொன்னார்: "அந்த வழி பூராவும் வண்டிய ஓட்டிகினு போனவ இவ. இந்த ஊர்ல எந்தப் பொம்பள போயிருக்கா, சொல்லு?"

"பூரா இல்ல," என்றேன். "ஓடைல நடந்துதான் போனேன்."

சோறு போட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி நிமிர்ந்தார். "வண்டியும் அந்தாண்ட போச்சு, நீயும் அந்தாண்ட போன. அப்பறம் இன்னா?"

"ஒண்ணாப் போகலைலா, அக்கா."

அவருக்கு அது புரியவில்லை. விளக்க ஆரம்பித்து, எனக்கே அது சின்ன விஷயமாகத் தெரிந்ததால் நிறுத்திக்கொண்டேன். என் கணவர் தட்டைப் பார்த்தபடி, "அன்னிக்கி நான் திரும்பி வந்திருக்கக் கூடாது. அந்தாண்டயே நின்னுகினு இருந்திருக்கணும்" என்றார்.

"நீங்க வந்ததுல தப்பில்ல. நான்தான் முன்னாலயே எறங்கிட்டேன்."

பிறகு ஓரகத்தி எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றி, "வர்ற கிருத்திகைக்கு நானும் வரேன், மூணு பேரும் பஸ்ஸுலயே பூடலாம்" என்றார். சரி என்றேன்.