றோஸ்மேரியின் நீலப்பூ நேர்த்தி

றோஸ்மேரி எங்கள் தெருக்காரி. ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. பேசாலையில் பிறந்து, நாவாந்துறைக் கிறகரியைக் கட்டி, மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறாள். அதிகம் கதைக்கமாட்டாள். சொன்னதைச் செய்வாள். எந்த அளவுக்கு என்பதை 2004ஆம் ஆண்டில்தான் நான் பார்த்தேன்.

அந்தப் பெப்ரவரியில் கிறகரிக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். உள்ளே ஒப்பரேஷன் நடக்க, வெளியே கதிரையில் இருந்த றோஸ்மேரி மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். மெழுகுதிரி, தங்கம் ஒன்றும் இல்லை. அவர் பிழைத்து வந்தால், தன் கையால் விதை போட்டு வளர்த்த நீலப்பூவை ஓகஸ்ட் பதினைந்து விண்ணேற்புத் திருநாளுக்கு மாதாவின் காலடியில் வைப்பது.

"கடைப்பூ எல்லாரும் வைக்கினம்தானே, அக்கா," என்றாள் என்னிடம்.

கிறகரி பிழைத்து வந்தார். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவள். காயத்தைப் பார்க்கவும் அவரை எழுப்பி நடக்க வைக்கவும் அடிக்கடி போய் வந்தேன். நேர்த்தி போன போக்கையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவள் வாங்கியது நீலச் சல்வியா விதை. மார்ச் மாதம், வெளியே முழங்காலளவு பனி. விருந்துக்குச் சோறு வரும் பெரிய அலுமினியத் தட்டில் மண் நிரப்பி, விதையைத் தூவி, மேலே விரல்தடிப்பு மண் போட்டுத் தட்டி, ஈரத் துவாயால் மூடினாள். பேசாலையில் அவள் தகப்பன் மிளகாய் நாற்று மேடை போட்ட முறை அது. ஒரு மாதம் போயும் ஒன்றும் வரவில்லை. மகள் பிரியந்தி விதைப் பையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, மண்ணால மூடக்கூடாதெண்டு பிரெஞ்சில போட்டிருக்கு. இதுக்கு முளைக்க வெளிச்சம் வேணுமாம்."

"முதலே வாசிச்சிருக்கலாமே?"

"முதலே கேட்டிருக்கலாமே?"

கிறகரி சோபாவில் கிடந்து சிரித்தார். சிரித்தால் நெஞ்சுக்காயம் நோகும். ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் இரண்டாம் முறை போட்டாள். இந்த முறை விதையை மண்ணின்மேல் தூவி, உள்ளங்கையால் அமத்தி, கண்ணாடித்தாள் போர்த்தி, பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே ரியூப் லைட்டுக்குக் கீழே வைத்தாள். இரண்டு கிழமையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. சந்தோசத்தில் காலையும் மாலையும் மேலால் தண்ணீர் தெளிக்க, அரைவாசி நாற்று தண்டு அழுகிச் சரிந்தது. தட்டின் அடியில் துளை போட்டு, கீழே இன்னொரு தட்டு வைத்து அதில் தண்ணீர் விடச் சொன்னேன். மிச்சம் தப்பியது.

இங்கே மே கடைசிவரை உறைபனியை நம்ப முடியாது. ஜூனில்தான் நாற்றுகளை முன்முற்றத்துப் பாத்தியில் நட்டாள். அப்போது அவை சின்னவிரல் உயரம். அந்த மாதம் முழுக்கக் குளிர்மழை. ஜூலையிலும் இலைதான்.

அதுவரை சிரித்த கிறகரி ஜூலைக் கடைசியில் சிரிப்பை நிறுத்தினார். விடிந்ததும் பாத்தியடியில் குனிந்து நின்றார்.

"அக்கா, ஒரு மொட்டையும் காணேல்ல."

"பிந்தித்தானே முளைச்சது. ஓகஸ்ட் கடைசியில வரும்."

"திருநாள் பதினைஞ்சாம் திகதியெல்லே! வைக்காமல் விட்டால் எனக்கு என்ன நடக்கும்?"

கையைப் பிடித்துப் பார்த்தேன். "நாடி நல்லாயிருக்கு, தம்பி."

"நான் நாடியைக் கேக்கேல்ல."

 மருந்துக் குளிசையை நேரத்துக்குப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னர் றோஸ்மேரி வேலை முடிந்து வந்தபோது நானும் வாசலில் நின்றேன். பாத்தி முழுக்க நீலம். கிறகரி படியில் இருந்தார். நகக்கண்ணெல்லாம் மண்.

அவள் கைப்பையைக் கூடக் கழற்றவில்லை. "இஞ்சாருங்கோ, காலமை இலையாயிருந்தது பின்னேரம் பூத்துப்போச்சோ?"

"மாதான்ர புதுமையாக்கும்."

அவள் குனிந்து மண்ணில் குத்தியிருந்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றை உருவினாள். "மாதா விலை அட்டையும் சேர்த்தோ அனுப்பினவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிறகரிக்கு வரவில்லை.

"வைச்சுப்போட்டு விடுமன், றோஸ்மேரி. அதே பூத்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"சொன்னது ஆருக்கு? அவவுக்குத் தெரியும்."

"உமக்கென்ன, நெஞ்சு என்ர நெஞ்சு!"

அவர் சத்தம் போட்டதை அன்றுதான் முதலில் கேட்டேன்.  றோஸ்மேரி உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டு வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கடைச்செடிகளை மட்டும் வேரோடு கிண்டி எடுத்தாள். பக்கத்து வீட்டு மதாம் லூசிக்கு அத்தனையும் போனது. அந்த மனிசி நாலு தரம் மெர்சி என்று நன்றி சொன்னாள்.

பதினைந்தாம் திகதி பூசைக்கு என்னைத் தங்கள் காரில் ஏற்றிப்போனார்கள். பீடத்தடி நிறையப் பூ. றோஸ்மேரி வெறுங்கையோடு முழங்காலில் நின்றாள். திரும்பி வரும் வழி முழுக்கக் கிறகரி ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தார்.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்ப கையை எடும்."

எடுக்கவில்லை.

ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் முதல் பூக்கதிர் நீலம் காட்டியது. கிறகரிதான் கண்டார். பல்தூரிகையும் கையுமாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். செப்டெம்பர் எட்டு, மாதா பிறந்தநாள். அன்று பின்னேரப் பூசைக்கு றோஸ்மேரி இருந்த கதிர்களை வெட்டி நூலால் கட்டினாள். மெலிந்த கட்டு. சுவாமியார் அதை ஒரு தண்ணீர்க் கிளாசில் போட்டு மாதாவின் காலடியில் வைத்தார். பின்வாங்கிலிருந்து பார்த்தால் தெரியாது.

கிறகரி எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இவ்வளவும்தானோ?"

"உங்கட நெஞ்சுக்கு இது போதும்," என்றாள் றோஸ்மேரி.

வெளியே வந்து படியிறங்கும்போது அவரது இரண்டு கைகளும் காற்சட்டைப் பைக்குள் இருந்தன. ஒக்டோபரில் கடும் உறைபனி விழும்வரை அந்தப் பாத்திக்கு அவரே தண்ணீர் விட்டார்.