தொலைக்காட்சியில் என் மனைவியின் முதுகு

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மேல்மாடி வீட்டில் நானும் மனைவியும் குடியிருந்தோம். யுத்த காலம். அந்த வீட்டில் தொலைக்காட்சிக்கு ஒரு சட்டம் இருந்தது. போட்டவன் நான். தமிழ் நிகழ்ச்சி என்றால் சத்தம் எங்கள் இரண்டு பேரின் காதுக்கும் எட்டினால் போதும். சிங்கள நிகழ்ச்சி என்றால் ஒழுங்கையால் போகிறவனுக்கும் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் இப்போது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் இதே சட்டம்தான். நான் கொஞ்சம் கறாராக நடத்தினேன், அவ்வளவே.

இன்னொரு சட்டமும் இருந்தது. அது பெரிய சட்டம். எங்கேயாவது குண்டு வெடித்தால் நிற்கக் கூடாது, பார்க்கக் கூடாது, கிட்டப் போகக் கூடாது. எதிர்ப்பக்கம் திரும்பி, ஓடாமல், நடந்து வீட்டுக்கு வர வேண்டும். ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்பார்கள். நின்றால் ஏன் நிற்கிறாய் என்பார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறவன் அந்த இடத்தில் சாட்சியாக நிற்க முடியாது, சந்தேக நபராகத்தான் நிற்க முடியும். நான் வேலை செய்யும் கந்தோர் கொள்ளுப்பிட்டியில். மனைவி கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டெழுத்தாளர். இரண்டு பேரில் ஆபத்தான பக்கம் போய்வருகிறவள் அவள்தான். அதனால் காலையில் அவள் படியிறங்கும்போது சாப்பாட்டுப் பெட்டியோடு இந்தச் சட்டத்தையும் கொடுத்து அனுப்புவேன். "ஓம், ஓம்" என்றுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் வெடித்தது. அவள் கந்தோர்ப் பக்கம்தான், புறக்கோட்டைப் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, மத்தியானம். தொலைபேசி எடுபடவில்லை. நான் கொள்ளுப்பிட்டியில் இருந்து காலி வீதி நீளத்துக்கும் நடந்தே வீட்டுக்கு வந்து, கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்கு வைக்காத நேர்த்தியில்லை. நாலு மணி தாண்டி அவள் வந்தாள். காலையில் கடுகு நிறச் சீலையில் போனவள், யாரோ ஒரு பிள்ளையின் பாவாடை சட்டையோடு வந்தாள்.

"கானுக்குள்ள கால் வைச்சு விழுந்திட்டன். சீலை கிழிஞ்சு போச்சு. கந்தோர்ப் பிள்ளை ஒண்டு உடுப்புத் தந்தது" என்றாள்.

"திரும்பிப் பாக்காமல்தானே வந்தனீ?"

"ஓம், பாக்கேல்லை."

உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சீலை, கண் எங்கே இருந்தது, அந்தச் சாக்கடைக் கானைத் தெரியாதா என்று அரை மணித்தியாலம் ஏசினேன். அவள் குளிக்கப் போனாள். அன்றைக்கு நெடுநேரம் குளித்தாள். அதையும் நான் கானின் நாற்றம் என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு ஒரு புதுப் பழக்கம் அவளுக்கு வந்தது. சிங்களப் பத்திரிகை வாங்கத் தொடங்கினாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிங்களம் பேச வரும், வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான். அவளோ ஒரு பக்கத்தில் மணிக்கணக்காகக் குனிந்திருப்பாள். கந்தோரில் பதவி உயர்வுக்குச் சிங்களப் பரீட்சை வைக்கிறார்களாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். "மெனேச்சர் அம்மா படிக்கிறா, ஆரும் சத்தம் போடாதேங்கோ" என்று பகிடி பண்ணுவேன். அவளும் சிரிப்பாள். அவள் பார்த்தது மரண அறிவித்தல் பக்கத்தை. ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருந்தால் கண்டிருப்பேன். பகிடி பண்ணத் தெரிந்த அளவுக்கு எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

குண்டு வெடித்து ஒரு வருடம் ஆனபோது தொலைக்காட்சியில் அதைப் பற்றி ஒரு விவரணப்படம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கீழ்வீட்டு அன்ரியும் எங்களோடு இருந்து பார்த்தார். அந்த வீட்டுச் சொந்தக்காரி அவர், சிங்களவர், தனி ஆள். தன்னுடைய பெட்டி பழுதாகிப் போனதில் இருந்து எங்கள் வீட்டில்தான் நாடகம் பார்ப்பார். சட்டப்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இப்படியான படம் என்றால் எங்களுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதே பெரும் பாடு. அழுதால் நடிக்கிறான் என்பார்கள். அழாவிட்டால் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறான் என்பார்கள். எங்களுக்காக என்று சொல்லிக்கொண்டு யாரோ வைத்த குண்டு. செத்தவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அடுத்த நாள் பஸ்ஸில் எல்லோரும் முறைத்துப் பார்த்தது எங்களைத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளத்தை நான் கொழும்பில்தான் கண்டேன். அன்றைக்கும் நான் முகத்தைச் சரியாக, அளவாக, ஒரு மரண வீட்டுக்காரன் மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புகை, எரிந்த பஸ், ஒற்றைச் செருப்பு. பிறகு ஒரு மனிதர் வந்தார். களனியில் விகாரைக்குப் போகிற வீதியில் பூக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும். இரத்தம் பாய்ந்துகொண்டிருந்த தன் காலை ஒரு பெண் சீலையைக் கிழித்துக் கட்டியதையும், வாகனம் வரும்வரை தன்னை விட்டு அசையாமல் இருந்ததையும் சொன்னார். "அந்த அம்மாவை ஒரு தரம் பார்த்தால் போதும்" என்றார். அப்போது அந்தக் காட்சியையே காட்டினார்கள். யாரோ தூரத்தில் நின்று எடுத்தது. ஆடி ஆடித் தெரிந்தது. ஒரு பெண் முழந்தாளிட்டு இருக்கிறாள். முதுகு மட்டும்தான் தெரிகிறது. கடுகு நிறச் சீலை. இரண்டு கையும் அந்த மனிதரின் காலில். ஒரு கணம் தலை சற்றுத் திரும்புகிறது: கைப்பையின் வாரைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறாள், பை அவள் தோளுக்குப் பக்கத்தில் தொங்கி ஆடுகிறது.

அந்தக் கடி எனக்குத் தெரிந்த கடி. அந்தக் காலக் கொழும்பில் ஒரு பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் போதும், "பார்சல்!" என்று யாராவது கத்துவான், வீதியே கலையும். அதிலும் தமிழ்ப் பெண்ணின் பை என்றால் கேட்க வேண்டாம். அதனால் என் மனைவி எங்கே போனாலும் பையைக் கீழே வைக்க மாட்டாள். சந்தையால் வந்து கதவைத் திறக்கும்போதுகூட வாரைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் சாவியைத் தேடுவாள். என்ன நாய்க்குட்டி மாதிரி என்று கேலி செய்திருக்கிறேன். சுற்றிவர நெருப்பு எரியும்போதும் அவள் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. அந்தக் காலையும் விடவில்லை.

"இந்த மண் பெற்ற வீரத் தாய்" என்றது பின்னணிக் குரல், வயலின் அழுதது. "அனே, எப்படிப்பட்ட பொம்பிளை" என்று அன்ரி கண்ணைத் துடைத்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தொலைக்காட்சியில் அந்த மனிதரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. பரீட்சை மறுமொழி வந்து பாஸான பிள்ளையின் முகம் அது.

நான் உடைந்துபோனேன். அளவாக வைத்திருந்த முகம் எங்கே போனதோ தெரியாது. விக்கி விக்கி அழுதேன். அன்ரி எழுந்து வந்து என் தலையைத் தடவி, "மாத்தயாவுக்கு இவ்வளவு இளகின மனசா" என்றார். மனைவி தேத்தண்ணி போடப் போனாள்.

அன்ரி இறங்கிப் போன பிறகு கேட்டேன். "ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் நித்திரை கொள்ள மாட்டியள்."

உண்மைதான். நான் அன்றைக்கே வீட்டை மாற்றியிருப்பேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் உயிரோட இருக்கிறாரெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்" என்றாள். "ஏத்திக்கொண்டு போன வாகனத்துக்குப் பின்னால போய் எந்த ஆசுப்பத்திரி எண்டு கேக்கேலுமே? நீ ஆர், உனக்கென்ன எண்டு கேப்பாங்கள். ஒரு வரியமா ஒவ்வொரு படமாப் பாத்தன். அவற்ற முகம் வரக்கூடாது எண்டு கும்பிட்டுக் கும்பிட்டுப் பாத்தன்."

அப்போதுதான் அந்தச் சிங்களப் பரீட்சை எது என்று எனக்கு விளங்கியது. வெட்கத்தில் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. இவளோடு ஆறு வருடம் வாழ்ந்தும், இவள் தைரியத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு விவரணப்படம் தேவைப்பட்டிருக்கிறது.

"நான் ஒருக்கா அவரைப் போய்ப் பாக்கவேணும்" என்றாள்.

அழுத கண்ணீர் காயவில்லை, அதற்குள் பயம் வந்துவிட்டது. ஒரு கிழமை முழுக்க வாதாடினேன். தெரிந்தால் ரீவிக்காரன் வருவான், அவனுக்குப் பின்னால் பொலிஸ் வரும். அந்த நேரம் அந்த இடத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்பார்கள். வீரத் தாய் ஒரே இரவில் சந்தேக நபர் ஆகிவிடுவாள். குண்டு வைத்த மற்றப் பக்கத்துக்காரருக்கும் இது பிடிக்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "பூ வாங்குவம். அவர் எழும்பி நிக்கிறாரோ எண்டு பாப்பம். ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். வருவம்." அதற்கு மேல் மறுக்க எனக்கு முகம் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் களனிக்குப் போனோம். இரண்டு இடத்தில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்தார்கள். வழமையாக அந்தப் பயணங்களில் அவள் பொட்டைக் கழற்றிக் கைப்பையின் உள்மடிப்பில் ஒட்டிவிடுவாள். அன்றைக்குக் கழற்றவில்லை. நான் கண்ணைக் காட்டினேன், அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. தாமரையும் நீலோற்பலமும் தண்ணீர் வாளிகளில் நின்றன. அவர் வாங்கில் உட்கார்ந்து பூவின் இதழ்களை மடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தடியை ஊன்றி எழுந்தார். ஒரு கால் மடங்கவில்லை, ஆனால் இரண்டு காலிலும்தான் நின்றார். மனைவி அந்தக் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். ஒரு வட்டி, சின்னக் கூடை நிறைய, பூ வாங்கினாள். வாங்கும்போது இரண்டு தாமரை கீழே விழுந்தன. அவர் குனிய முயன்றார், அவள் முந்திக் குனிந்து எடுத்தாள். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல், எனக்குக் கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றிக்கொண்டு, திரும்பி நடந்தாள்.

ஒரு வருடம் பத்திரிகைப் படங்களில் தேடிய முகத்தை விட்டு, என் பயத்துக்காக அவள் நடந்து போகிறாள். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை. என் சட்டங்கள் எல்லாவற்றையும் நானே தூக்கிக் களனி கங்கையில் போட்டேன். "அய்யே" என்று, அண்ணா என்கிற சிங்களச் சொல்லால் அவரைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கச் சொன்னேன்: "உங்கள் காலைக் கட்டினது இவள்தான்."

மனைவி நின்றாள். அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். தடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"தமிழ் நோனா என்று எனக்குத் தெரியும்" என்றார். "ரீவி மாத்தயாமாருக்கு இரண்டு தரம் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டாம், ஒரு அம்மா என்று மட்டும் சொல்லு என்றார்கள். நான் சொன்னதை வெட்டிவிட்டார்கள்."

இப்படி ஒரு மனிதரை, அந்த நாட்டில், அந்த வருடத்தில், நான் எதிர்பார்த்து வரவில்லை. எங்கள் பெயரில் வைத்த குண்டில் காலை இழக்கப் பார்த்தவர், எங்களுக்காகக் கமெராவுக்கு முன்னால் இரண்டு தரம் வாய் திறந்திருக்கிறார். நான் வீட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வாகனம் வரும்வரை நோனா என்னோடு தமிழில் கதைத்துக்கொண்டே இருந்தீர்கள்" என்றார். "ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். எனக்கு அது மனப்பாடம்." சிங்கள நாக்கில், ஆனால் ஒரு எழுத்தும் தவறாமல், அவர் அதைச் சொன்னார்: "கண்ணை மூடாதேங்கோ, கண்ணை மூடாதேங்கோ."

மனைவி தாமரையோடு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அதுக்கு என்ன அர்த்தம் நோனா?" என்று அவளைக் கேட்டார். "வேறு யாரிடமும் கேட்கவில்லை. சொன்ன ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்."

அவள் தாமரைக்குள் இருந்து முகத்தை எடுக்கவில்லை. நான்தான் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், நோனா" என்றார். "நான் மூடவில்லை."