தாம்சன் யார் பேரில்?

வெர்னா ஸ்டிடம் முப்பத்தோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கென்டக்கி மலைச்சாலைகளில், பனியிலும் சேற்றிலும், ஐம்பது பிள்ளைகளின் கூச்சலை முதுகில் சுமந்துகொண்டு ஓட்டுகிறவள். சுடும் களத்தில் நின்றாலும் அவள் கை நடுங்காது. கணவன் டெல்மர் விசையை அழுத்தினால் குண்டுகள் தீரும்வரை விடமாட்டான். வெர்னா மும்மூன்றாகப் பிரித்துச் சுட்டு, தொங்கும் தகரத் தட்டை ஊஞ்சலாட வைப்பாள்.

துப்பாக்கி டெல்மருடையது. பழைய தாம்சன் இயந்திரத் துப்பாக்கி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறுக்கு முன்பே அரசாங்கத்தில் பதிவானது என்பதால் தனியார் கைமாற்றிக்கொள்ளச் சட்டம் விட்டுவைத்த வகை. தொண்ணூற்று நான்கில் தன் பேரில் வாங்கியிருந்தான். அவனோ நெடுந்தூர லாரி ஓட்டுநர். வாரத்தில் ஐந்து நாள் எங்காவது ஒரு மாநிலத்தில் இருப்பான்.

அந்த வசந்தத்தில், துப்பாக்கி மன்றத்தில் எல்லோரும் கூடிச் சுடும் சனிக்கிழமை, டெல்மர் நெப்ராஸ்காவில் சரக்கு இறக்க முடியாமல் மாட்டிக்கொண்டான். வெர்னா போன் செய்தாள்.

"பெட்டக நம்பர் எனக்குத் தெரியும்ல. நானே எடுத்துட்டுப் போறேன்."

"வேண்டாம் தங்கம். அது என் பேர்ல இருக்கு. நான் பக்கத்துல இல்லாம நீ எடுத்துட்டுப் போனா உன்னை உள்ள தள்ளிடுவாங்க. நம்பர் உனக்குத் தெரியும்கறதே வம்புதான்னு இங்க ஒருத்தன் சொல்றான்."

"இருபத்தெட்டு வருஷமா அதுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கறது யாரு?"

"நான் சோபாவுல உக்காந்திருக்கறப்ப துடைச்சே. அது வேற."

அன்று அவள் மன்றத்துக்குப் போகவில்லை. தோட்டத்தில் களை பிடுங்கினாள்; களையோடு நாலு தக்காளிச் செடியும் வந்துவிட்டன.

டெல்மர் திரும்பிய வாரமே இருவரும் வக்கீல் ஒடெஸா டாக்கெட்டைப் பார்க்கப் போனார்கள். தீவனக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். வெர்னாவின் தம்பி கார்பினையும் டெல்மர் விடாமல் இழுத்து வந்திருந்தான். கார்பின் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யும் கம்பெனி நடத்துகிறவன். துப்பாக்கியைக் கம்பெனி பேரில் போட்டுவிட்டால் மூன்று பேருமே எடுக்கலாம் என்பது டெல்மரின் யோசனை.

ஒடெஸா சின்ன வயதுக்காரி. மூன்றாம் வகுப்புவரை வெர்னாவின் பேருந்தில் வந்தவள்.

"இப்ப இருக்கற மாதிரி டெல்மர் பேர்லயே இருந்தா செலவே இல்ல, வெர்னாம்மா. அவர் காலத்துக்கு அப்புறம் வரி கட்டாமலே உங்க பேருக்கு வந்துடும்."

"அப்ப இவர் செத்தாத்தான் நான் தனியாப் போய் சுட முடியுமா?"

"கொஞ்சம் பொறு, அவசரப்படாதே" என்றான் டெல்மர்.

"கம்பெனி பேர்ல போட்டா வருஷா வருஷம் மாநிலத்துக்குப் பேப்பர் போடணும். மறந்தா கம்பெனியே கலைஞ்சிடும். துப்பாக்கி அந்தரத்துல நிக்கும். எவனாவது தொட்டி வழிஞ்சதுன்னு கேஸ் போட்டா, கம்பெனி சொத்தோட இதையும் சேர்த்துத்தான் கேப்பான்" என்று தொடர்ந்தாள் ஒடெஸா.

"தொட்டி வழியத்தான் செய்யும்" என்றான் கார்பின். அன்று அவன் பேசியது அவ்வளவே.

மூன்றாவது வழி, அறக்கட்டளை; அதாவது ஒரு சொத்தைச் சிலர் பொதுவில் வைத்துக்கொள்ளும் 'டிரஸ்ட்'. துப்பாக்கி அறக்கட்டளைக்குச் சொந்தம். அதில் பேர் இருக்கும் பொறுப்பாளர் எவரும் தனியாக எடுக்கலாம். புதிதாகச் சேர்ப்பதும் எளிது. ஆனால் டெல்மரிடமிருந்து அதற்கு மாற்ற மறுபடி இருநூறு டாலர் வரி, பல மாதக் காத்திருப்பு.

"கம்பெனியோ அறக்கட்டளையோ, பொறுப்புல இருக்கற எல்லாரும் போட்டோவும் பத்து விரல் ரேகையும் குடுக்கணும்" என்றாள் ஒடெஸா.

"அப்ப அறக்கட்டளை. நாங்க மூணு பேரும்" என்றான் டெல்மர்.

கார்பின் தொப்பியை எடுத்துக்கொண்டு, தன் லாரியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டதாகச் சொல்லி இறங்கிப் போனான். வெர்னாவுக்கு அந்த நடை தெரியும். ஜன்னலை உடைத்த பையன் பேருந்தின் கடைசி வரிசைக்குப் போகும் நடை. பின்னாலேயே போனாள்.

லாரி சரியான இடத்தில்தான் நின்றிருந்தது.

"என் ரேகை ஒஹாயோவுல இருக்குக்கா" என்றான் கார்பின்.

இருபத்திரண்டு வயதில், கார் தொழிற்சாலையில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவன், ஒரு நண்பனோடு சேர்ந்து டிராக்டர் திருடிப் பதினாலு மாதம் சிறையில் இருந்திருக்கிறான். அப்படித் தண்டனை பெற்றவன் துப்பாக்கியைத் தொடவே கூடாது. மன்றத்துக்கு வரும்போதெல்லாம் காது வலி என்று சொல்லிக் கறிக்குழம்பு அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தது அதனால்தான்.



"அம்மா அந்த வருஷம் உனக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்புனாங்களே. எங்க போச்சு?" என்று கேட்டாள் வெர்னா.

"உங்களுக்கு நான் குடுத்தது வேற ஒரு நண்பனோட அட்ரஸ். அவனே போட்டுக்கிட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. தம்பியின் தோளில் ஓர் அடி வைத்தாள், பலமாகவே. "முப்பத்தஞ்சு வருஷம்டா. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீ அம்மாகிட்ட சொல்லிடுவே."

"சொல்லித்தான் இருப்பேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

மாடிக்குத் திரும்பி, அறக்கட்டளை இரண்டு பேரோடு போதும் என்றாள். டெல்மர் ஏன் என்று கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு பேர்" என்றான். வீட்டுக்குப் போகும் வழியில் கார்பினே அவனிடம் சொன்னான். "டிராக்டர் என்ன கம்பெனி?" என்பதுதான் டெல்மர் கேட்ட ஒரே கேள்வி.

பத்து மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. அடுத்த கூட்டத்தன்று டெல்மர் கன்சாஸில் இருந்தான். வெர்னா கடிதத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தாம்சனைத் தானே பெட்டியிலிட்டு மன்றத்துக்கு ஓட்டிப் போனாள். வாசலில் காகிதம் பார்ப்பவர் இரண்டு முறை படித்தார்.

"டெல்மர் வரலையா?"

"அவரும் ஒரு பொறுப்பாளர்" என்றாள் வெர்னா. "வேலையா இருக்கார்."

முதல் சுற்றில் மூன்று தகரத் தட்டுகள் ஊஞ்சலாடின. இரண்டாவது சுற்றில் ஒன்றுகூட அசையவில்லை. அதைப் பற்றி அவள் டெல்மரிடம் வாய் திறக்கவில்லை.