விடு என்று சொல்லும்வரை

பூட்டு என்ற பெயர் அவளுக்கு ஓர் அடிதடியில் வந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் பெல்ட்டை ஓங்கினான். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஓங்கிய மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள். உதைத்தான், காறித் துப்பினான், தோளைக் கடித்தான், அவள் விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய அண்ணி ஓடிவந்து, "விடுடி, போதும்" என்று கத்திய பிறகுதான் விட்டாள். அதற்குள் அவன் எலும்பு பிசகியிருந்தது. ஆள் அன்று மாலையே கம்பி நீட்டினான். தொலைந்தது சனியன்.

அந்தப் பிடிதான் பிறகு அவளுக்குச் சோறு போட்டது. கூட்டத்தைத் தடுத்து நிற்கும் வேலை. எங்கே எத்தனை பேர் வேண்டும் என்று ஃபோனில் ஓர் ஆப் சொல்லும். முதலில் தட்டுகிறவர்களுக்கு இடம். கறுப்புச் சட்டையில் எட்டுப் பெண்கள் சங்கிலியாக நிற்க வேண்டும். இவள் மணிக்கட்டை அவள் பிடிக்க வேண்டும், அவள் மணிக்கட்டை இவள். யார் விழுந்தாலும் குனியக்கூடாது. பின்னால் நிற்கும் இரண்டு பேர் விழுந்தவர்களைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொள்வார்கள். வரிசைத் தலைவி 'விடு' என்று சொல்லும்வரை விடக்கூடாது. ஐந்து வருஷத்தில் பூட்டுக்கு ஒரு பல் போயிற்று, ஒரு காது மடல் கிழிந்தது. அவள் நின்ற சங்கிலி அறுந்ததில்லை. பக்கத்தில் எப்போதும் அண்ணிதான் நிற்பாள். 'விடு' சொல்வதும் அண்ணிதான். அவ்வளவு பெரிய தொண்டை.

ஊரின் பெரிய கடை ஒன்று திறக்கும் நாள் வந்தது. முதலில் நுழையும் நூறு பேருக்கு டிவி பாதி விலை. விடியும்போதே ஆயிரம் பேர்.

"இன்னைக்கு ஒரு கீறல் இல்லாம முடிச்சுக் குடு. திங்கக்கிழமையிலேர்ந்து நீ இந்தக் கடைக்கே நிரந்தர ஆளு" என்று சூப்பர்வைசர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தான். நிரந்தரம் என்றால் உட்கார ஒரு நாற்காலி, ஆஸ்பத்திரிக்கு ஒரு அட்டை. முழங்கால் தேய்ந்துபோன பூட்டுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணிக்கு அன்று இடம் கிடைக்கவில்லை. கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் சோப்புக் கையைத் துடைத்துவிட்டுத் தட்டுவதற்குள் வேறொருத்தி தட்டிவிட்டாள். முந்தித் தட்டியவள் மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு வந்து பூட்டின் வலப்பக்கம் நின்றாள்.

"எனக்கு இது மூணாவது நாள்தாங்க. பேங்க்ல பெரிய வேலைல இருக்கேன். லீவு போட்டுட்டு ஒவ்வொரு வேலையா செஞ்சு பாக்குறேன். ஒரு ஆர்வம்."

பசித்தவன் தட்டில் கைவிட்டு ருசி பார்ப்பதற்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது போலிருக்கிறது.

"இது எங்க அண்ணி நிக்கிற இடங்க" என்றாள் பூட்டு.

"அய்யோ, தெரியாதே. தட்டினேன், கிடைச்சுது." புதுச்சட்டை சிரித்தாள். கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பூட்டு அவளுக்கு மூன்று முறை பிடி சொல்லிக்கொடுத்தாள். புதுச்சட்டை வெயில் படக்கூடாதென்று கை முழுக்க எதையோ பூசியிருந்தாள், பிசுபிசுத்தது. துடைத்துவிடச் சொன்னாள் பூட்டு. ஏதோ பேருக்குத் துடைத்தாள்.

"என்ன ஆனாலும் குனியாதீங்க. விடாதீங்க."

"சரிங்க, சரிங்க."

ஒன்பது மணிக்குக் கண்ணாடிக் கதவு நகர்ந்ததும் கூட்டம் மோதியது. முழங்கை முகத்தில் இடித்தது, ஒருத்தி பூட்டின் முடியைப் பிடித்து இழுத்தாள், இன்னொருத்தி கடித்தாள். சங்கிலி நின்றது. அப்போது புதுச்சட்டையின் காலடியில் ஒரு கிழவி விழுந்தாள். பின்னாலிருந்த பெண் அதற்குள் கையை நீட்டிவிட்டாள். புதுச்சட்டைக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கையையும் விட்டுவிட்டுக் குனிந்தாள்.

பூட்டு விடவில்லை. ஆனால் பிசுபிசுத்த மணிக்கட்டு அவள் விரல்களுக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த இடைவெளியில் கூட்டம் பாய்ந்தது. பூட்டின் வலது கை இரும்புத் தடுப்பில் சிக்கி, மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முகத்தின்மேல் ஒரு செருப்பு ஏறி இறங்கியது. யாரைத் தூக்கிவிடப் புதுச்சட்டை குனிந்தாளோ, அந்தக் கிழவியின் விலா எலும்புகள் நான்கு நொறுங்கின. புதுச்சட்டைக்குச் சட்டைக் கை கிழிந்தது.

"உன் பக்கம்தானே அறுந்துது? திங்கக்கிழமை வந்துடாதே" என்று ஆம்புலன்ஸ் கதவருகே சொன்னான் சூப்பர்வைசர்.

மறுநாள் தர்ம ஆஸ்பத்திரி வராந்தாவில், வரிசையில் பதினேழாவது ஆளாகப் பெஞ்சில் கிடந்தாள் பூட்டு. கை பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பக்கத்தில் அண்ணி. புதுச்சட்டை பழக்கூடையோடு வந்தாள். உண்மையாகவே அழுதாள். தப்பு தன்னுடையதுதான் என்று கம்பெனிக்கு எழுதுவதாகச் சொன்னாள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியவில்லை.

"நாளையிலேர்ந்து ஆபீஸ் போறேங்க. ஆனா இந்த மூணு நாள்ல நான் நிறைய கத்துக்கிட்டேன்."

பூட்டின் இடது கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இன்று பிசுபிசுப்பு இல்லை. பழக்கூடை உருண்டது.

"வலிக்குதுங்க."

"வலிக்கும். கத்துக்கங்க."

அவள் இழுத்தாள், முறுக்கினாள், சுவரில் காலை ஊன்றிப் பார்த்தாள். விரல் நுனிகள் நீலம் பாரித்தன. "அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்று அண்ணியைப் பார்த்துக் கதறினாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

அண்ணி கீழே குனிந்து பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். பெஞ்சுக்கு அடியில் உருண்டிருந்த கடைசிப் பழத்தையும் எடுத்துப் போட்டாள். பிறகு கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடு என்று மட்டும் அவள் சொல்லவில்லை.