தேதியைக் கேட்காத கம்ப்யூட்டர்

ஐந்தருவியில் தலை நிறைய எண்ணெயோடு வரிசையில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. தினம் ஃபைலுக்கு நான் ஏன் பெயர் யோசிக்க வேண்டும்? அன்றைய தேதியையே கம்ப்யூட்டர் தானாகப் பெயராக வைத்துக்கொள்ளட்டுமே! குளிக்காமலே கடைக்கு ஓடினேன். கீபோர்டில் ஏறிய நல்லெண்ணெய் வாசம் சீசன் முடியும்வரை போகவில்லை.

எண்பதுகளின் பின்பாதி. குற்றாலத்தில் சாரல் சீசனுக்கு மட்டும் போட்ட கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. தென்காசியில் மூன்று மாதம், விவரங்களைச் சேமிக்கும் டிபேஸ் புரோகிராம் படித்ததால் நான் அங்கே மேதை. காலையில் பிறந்த நாள், நேரம், ஊர் சொல்லிவிட்டுப் போனால், அருவியில் குளித்துச் சாப்பிட்டு சாயங்காலம் வந்து ஜாதகத்தை வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாளுக்கு ஒரு டேபிள், அதாவது அன்று வந்தவர்களின் விவரமெல்லாம் அடங்கிய ஒரு ஃபைல். நான் வைத்திருந்த பெயர்கள்: நியூ, நியூ டூ, லாஸ்ட், ரியல் லாஸ்ட். முதலாளி செவ்வாய்க்கிழமை லிஸ்டைக் கேட்டால் எனக்கு வியர்க்கும்.

புரோகிராம் நாலே வரி. இன்றைய தேதியை எடு, நடுக்கோடுகளை நீக்கு, முன்னால் 'ஜே' போடு, அந்தப் பெயரில் காலி டேபிளைத் திற. அதோடு விட்டிருக்கலாம். மெஷினை ஆன் பண்ணும்போதெல்லாம் அது தேதி கேட்கும். நேராக என் புரோகிராமுக்கே வரும்படி செய்து அந்தக் கேள்வியை நிறுத்தினேன். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அழிக்கவா என்றும் கேட்கும், அதையும் நிறுத்தினேன். தேதி சொல்லாவிட்டால் அந்த மெஷினுக்கு என்றைக்கும் 1980 ஜனவரி ஒன்றுதான். இது என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. எழுதியவன் நான்தான்.

மறுநாள் காலை வந்தது ஒரே ஒருவர்தான், கீழப்பாவூர்க்காரர். மகளின் பழைய ஜாதகத்தைக் கறையான் அரித்துவிட்டது, விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பிறந்த நேரத்தை ஒரு துண்டுத்தாளைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் உள்ள ஏறிட்டு அண்ணாச்சி. இனி அந்தத் தாளு எதுக்கு?" என்றேன்.

அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சட்டையோடு அருவியில் நின்றுவிட்டார்.

மத்தியானம் கரண்ட் போய் வந்தது. மெஷின் எழுந்தது, மறுபடியும் ஜனவரி ஒன்று என்று நினைத்தது, அதே பெயரில் இருந்த காலை டேபிளை அழித்துவிட்டு புதிதாக ஒன்றைத் திறந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே.

சாயங்காலம் அவர் கையில் இருந்த துண்டுத்தாள் நீல மை கரைந்த கூழ். என் திரையில் வெறுமை.

"நேரம் ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

"இருந்தா நான் ஏன்யா தாளைச் சுமந்துக்கிட்டு அலையுதேன்?"

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏலே, அந்தப் புள்ள பொறந்த நேரத்தையே தொலைச்சிட்டியா? நாளைக்கு வாரவங்ககிட்ட ஜனவரி ஒண்ணுன்னு சொல்லச் சொல்லுதியா?"

வீட்டில் யாருக்காவது நேரம் தெரியுமா என்று கேட்க, கீழப்பாவூர்க்காரரோடே பஸ் ஏறினேன். தென்காசியில் இறங்கி வேறு பஸ் மாறினோம். வீட்டில் அவர் மனைவி கதையைக் கேட்டு முடிக்கக்கூட இல்லை.

"காலைல ஆறு பத்து. பெத்தவ நான் இங்கன இருக்கேன், பொட்டிக்குள்ள போய்த் தேடுதியளாக்கும்!"

உள்ளேயிருந்து பெண்ணின் குரல்: "ரெண்டு தடவ எழுதிக்கிடச் சொல்லும்மா."

இரண்டு தடவை எழுதிக்கொண்டேன். காலையில் நானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் புரோகிராமைத் திருத்தினேன். தேதி சொல்லாமல் திறக்கக் கூடாது. நேற்றையதைவிடப் பழைய தேதி சொன்னாலும் திறக்கக் கூடாது. பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம், 'ஜே' ஒன்று, தேதி ஆறு என ஏழு போய்விட்டது. மிச்சமுள்ள ஒன்றில், கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஏ, பி, சி என்று ஏற்றினால் என்ன? ஒரு நாளில் இருபத்தாறு தடவைக்கு மேல் குற்றாலத்தில்கூட கரண்ட் போகாது. ஆனால் அதெல்லாம் அப்புறம். முதலில் விடியுமுன் கடையைத் திறந்து, தேதியைக் கையாலேயே அடித்து, அந்த ஆறு பத்தை அச்சாக்கி, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.