அம்மா சென்ட் போட்டுக்கொண்ட நாள்

என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்று இன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழைகளைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். எனக்குப் பத்து வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அருள்புரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டினார். அம்மா சாயப்பட்டறையில், மருந்துத் தண்ணீரில் துணியை வெளுக்கும் பிளீச்சிங் பகுதியில் இருந்தாள். தொட்டியிலிருந்து ஈரத்துணியை இழுத்துப் பிரித்துப் போடுகிற வேலை. ஆறு வருடமாக அதே வேலை. விரல் இடுக்குகளில் தோல் உரிந்து கிடக்கும். சோறு பிசையும்போது எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவாள். அதைப் பார்த்து நானும் கரண்டி கேட்டு அடம்பிடித்ததுண்டு.

சித்தி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்கும் வேலை. கை நனையாது. அங்கே ஒரு இடம் காலியானபோது சூப்பர்வைசரிடம் அம்மாவுக்காகப் பேசி வைத்தாள். ஒரு நாள் வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். முந்தின நாள் சாயங்காலம் அதைச் சொல்ல வந்தவள், கைக்குட்டையில் சுற்றிய ஒரு பாட்டிலையும் கொண்டுவந்தாள். கம்பெனியைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்கார அம்மா ஒருத்தி, மிச்சம் இருந்ததை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

"கோவிச்சுக்காதக்கா. ஒன் சேலையெல்லாம் பிளீச்சிங் வாடை அடிக்கு. அங்க உள்ள பிள்ளைய மூக்கப் பொத்தும். இத ஒரே ஒரு தடவ அடிச்சுக்க, போதும்."

"வெளிநாட்டுக்காரி சென்ட்டப் போட்டுக்கிட்டுப் டவுன் பஸ்ல போகவா?" என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் பாட்டிலை வாங்கி அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கனமான கண்ணாடி, தங்க நிற மூடி, உள்ளே தேநீர் நிறத்தில் கால் பாட்டில். எனக்குப் பரீட்சை லீவு. மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு தடவை அடித்தாள். அறை முழுக்க ஏறியது. முதலில் ரோஜா. கொஞ்சம் பொறுத்து மல்லிகை. அதற்கும் கீழே கல்யாண மாலையை மறுநாள் காலையில் முகர்ந்தால் வருமே, அந்தக் கனத்த வாசம். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பவுடரும் ஊதுபத்தியும்தான்.

"எனக்கும் அடிம்மா."

"பொம்பளைய போடுதது இது. ஒனக்கு எதுக்கு?"

அந்தக் கோபம் எனக்கு இருந்தது. உடனேயே அவள் மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஏல, வாசம் வருதா பாரு" என்றாள்.

"வரலம்மா" என்றேன்.

இன்னொரு தடவை அடித்துவிட்டு நீட்டினாள். வரவில்லை என்றேன். கழுத்தில் அடித்தாள், முந்தானையில் அடித்தாள். ஒவ்வொரு தடவையும் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே பதிலைச் சொன்னேன். கடைசி இரண்டு தடவை நான் சொன்னது பாதி உண்மை. என் மூக்கே குழம்பி, எது வாசம் எது காற்று என்று தெரியாமல் போயிருந்தது.

"பழசு போல. வீரியம் போயிருச்சு" என்று பாட்டிலை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போன சிறிது நேரத்தில் வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஏங்கண்ணு, உங்கூட்டுல ஏதாச்சும் விசேசமா? கெணத்தடி வரைக்கும் கமகமங்குது."

"இல்லீங்க. அம்மா புது வேலைக்குப் போயிருக்காங்க."

"வேலைக்கா? நான் கண்ணாலத்துக்குன்னு நெனச்சனே."

நான் உள்ளே வந்து தனியாகச் சிரித்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அம்மா திரும்பிவிட்டாள். சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கவே இல்லை. வந்ததும் சேலையை நனைத்துத் துவைத்தாள். என்ன நடந்தது என்று சாயங்காலம் சித்தி வந்து கத்தியபோதுதான் தெரிந்தது.

"ஒரு தடவ அடின்னா நீ குளிச்சுட்டா வருவ? அது பச்சப்பிள்ள சட்டை அக்கா. அதுல ஒரு வாசமும் இருக்கக் கூடாது. ஒன் கை பட்ட பீஸெல்லாம் மணக்கு. சரக்கு வாங்குத பையர் ஆளு ஒரு கவரப் பிரிச்சு மோந்து பாத்துட்டு, 'இது பிள்ளைக்குப் போடுததா, பிள்ளையோட ஆச்சிக்குப் போடுததா'ன்னு கேக்கான். அம்புட்டையும் திரும்பத் துவைக்கணும். சூப்பர்வைசர் மூஞ்சில இனி நான் எப்படி முழிப்பேன்?"

அம்மா உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ல ரெண்டு பிள்ளைய எந்திரிச்சுத் தள்ளிப் போய் நின்னுச்சு" என்றாள். "பிளீச்சிங் வாடைதான் இன்னும் போகலன்னு நெனச்சேன்."

"ஒனக்கே தெரியலையாக்கா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் சித்தியிடம், "அவசரத்துல கவனிக்கல" என்று மட்டும் சொன்னாள்.

சித்தி போன பிறகு அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லாதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஏல, காலைல நெசமாவே ஒனக்கு வாசம் வரலையா?"

உண்மையைச் சொன்னால் அடி விழும் என்பது என் கணக்கு. "வரலம்மா" என்றேன். "சத்தியமாவா?" என்றாள். சத்தியமும் செய்தேன்.

மறுநாள் அவள் பழையபடி பிளீச்சிங்குக்குப் போனாள். அந்தக் கம்பெனியில் மறுபடி கூப்பிடவில்லை. வேறு இடத்தில் கேட்கச் சித்திக்கும் மனமில்லை. இரண்டு வருடம் கழித்து நானும் அதே பட்டறையில் சேர்ந்தேன். தொட்டியோரம் வருடக்கணக்கில் நின்றால் மூக்கு மெல்ல மெல்லச் செத்துவிடும் என்று அங்கே இருந்தவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேட்டபோதுதான், ஒரு பெரிய மனுஷி பத்து வயதுப் பையனிடம் ஏன் அத்தனை தடவை கேட்டாள் என்பது எனக்கு விளங்கியது. அம்மா கடைசிவரை அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று நான் சத்தியம் செய்த பிறகு, அவள் எழுந்துபோய் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெய்க் கேனை எடுத்தாள். மூடியைத் திருகி, கேனின் வாயை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மூடினாள். மறுபடி திறந்து முகர்ந்தாள். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னேன்:

"பாதிக்கு மேல இருக்கும்மா."

"ஆமால," என்றாள் அம்மா. "இருக்கு."

எழுதி முடித்தது: ஆவணி மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.