ஏரிக்கரைப் பாயா

சுங்கை பினாங்கில், ஏரியை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் பதினாறு வீடுகள் கட்ட ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். நகராட்சியில் கிராணியான, அதாவது எழுத்தரான, நான் நிலத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். வெயில் காலம், தரை கெட்டியாக இருந்தது. 'தடையில்லை' என்று எழுதியும்விட்டேன்.

அளவுச் சங்கிலி பிடிக்க அன்று கூலிக்கு வந்தவர் நரைத்த தாடிக்காரர். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கம்பால் தரையைக் குத்திப் பார்த்தே ஒவ்வோர் அடியும் வைத்தார்.

வரைபடத்தில் அந்த இடத்துக்கு 'பாயா' என்று பெயர் போட்டிருந்தது. "இங்கே ஆட்டுக்கால் பாயாக் கடை இருந்ததோ?" என்று கேட்டேன்.

அவர் குலுங்கிச் சிரித்தார். "பசியோட வந்துட்டீங்களா கிராணியாரே? இது மலாய்க்காரவங்க சொல்ற பாயா. சதுப்பு நிலம்லா!" பிறகு, தென்னைமரத்தில் தம் மார்பளவுக்குப் படிந்திருந்த சேற்றுக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "மழையில இதுவரைக்கும் தண்ணி நிக்கும். புள்ளைங்க படுத்துத் தூங்குற வீடுல்ல கட்டப்போறாங்க?"

எழுதியதை அடித்துவிட்டு, 'குடியிருக்க ஆகாது' என்று எழுதினேன். அனுமதி கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டிருந்தது. பதினாறு வீடுகள் வரவிருந்த இடத்தில் எருமை ஒன்று கழுத்தளவு நீரில் நின்றது.

அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளத் தவறிவிட்டேன். யார் வீட்டிலாவது பாயா பரிமாறினால், ஆப்பத்தைப் பிய்க்கும் முன் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.